அலாஸ்காவில் வேட்டைக் கறியை வீணாக்கினால் என்ன தண்டனை?

அலாஸ்காவில் ஒருவர் முறையாக உரிமம் வாங்கி, சரியான பருவத்தில், அனுமதிக்கப்பட்ட இடத்தில் ஒரு மூஸ் மானைச் சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அதன் தொடைக் கறியைக் காட்டிலேயே போட்டுவிட்டு, கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினால் அவர் சிறைக்குப் போக வேண்டும். குறைந்தது தொடர்ந்து 7 நாள் சிறை, குறைந்தது 2,500 டாலர் அபராதம். இந்தக் குறைந்தபட்சத் தண்டனையை நீதிபதி நினைத்தாலும் நிறுத்திவைக்க முடியாது.

இந்தியாவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது கொஞ்சம் விநோதமாகப் படும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே பொதுவாகக் காட்டு விலங்கைக் கொல்வதே குற்றம்; கறியை என்ன செய்தாய் என்ற கேள்விக்கே இடமில்லை. அலாஸ்காவில் சட்டம் இரண்டு கேள்வி கேட்கிறது. கொல்ல உனக்கு உரிமை இருந்ததா? கொன்ற பிறகு கறியைச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாயா? முதல் கேள்விக்குச் சரியான பதில் சொன்னவரும் இரண்டாவதில் மாட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் வேலை செய்யும் நம்மவர்களில் சிலர் சக ஊழியர்களோடு வேட்டைக்குப் போகிறார்கள், சிலர் பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் மான் கறியை வாங்கிச் சமைக்கிறார்கள். அவர்களுக்காகவும் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சட்டத்தின் வேர் அந்த மாநிலத்தின் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. இயற்கையாக வாழும் மீனும் விலங்கும் நீரும் மக்கள் எல்லோருடைய பொதுப் பயன்பாட்டுக்கு உரியவை என்கிறது அதன் 8-ஆவது பிரிவு. ஒரு மூஸ் மான் யாருடைய தனிச் சொத்தும் அல்ல. சுட அனுமதி கொடுப்பது, ஊருக்குப் பொதுவான உணவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள அனுமதி கொடுப்பது போலத்தான். சாலையில் வண்டி மோதிச் செத்த மூஸ் மானைக்கூட அங்கே அழுக விடுவதில்லை. அது அரசுக்குச் சொந்தம். தொண்டு அமைப்புகளுக்கும் பட்டியலில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கும் தகவல் போகும், அவர்கள் வந்து அறுத்து எடுத்துப் போவார்கள்.

எந்தக் கறி கட்டாயம்?

சட்டம் கசாப்புக் கடைக்காரர் போலத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்கிறது. கழுத்துக் கறி, நெஞ்சுக் கறி, விலாக் கறி, முழங்கால் மூட்டு வரை முன் சப்பை, கீழ் மூட்டு வரை பின் தொடை, முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் முதுகெலும்பை ஒட்டி ஓடும் கறி. இவ்வளவும் வர வேண்டும். மூஸ், கரிபூ, எல்க் ஆகிய மான் வகைகள், மலைச் செம்மறி, மலை ஆடு, காட்டெருமை, கஸ்தூரி எருது போன்ற பெரிய விலங்குகளுக்கு இதுதான் கணக்கு.

தலைக் கறி, ஈரல், குடல், எலும்பு, நரம்பு இவை கட்டாயம் இல்லை. எடுத்தால் தப்பில்லை, விட்டாலும் குற்றமில்லை. தலைக்கறியும் ஈரலும் ருசித்துச் சாப்பிடும் நமக்கு மனசு கேட்காதுதான், ஆனால் சட்டம் அவற்றைக் கேட்பதில்லை. குண்டு பாய்ந்து சிதைந்து சாப்பிட முடியாமல் போன பகுதியும், எலும்பிலிருந்து கறியைச் சீவும்போது ஒட்டிக்கொண்டு போகிற சிறு கறியும் விலக்கு.

பலர் மாட்டிக்கொள்வது விலாவிலும் கழுத்திலும்தான். நாலு காலையும் முதுகுக் கறியையும் எடுத்துவிட்டால் மான் முடிந்தது என்று நினைத்துக் கிளம்பிவிடுகிறார்கள். மூஸ் மானின் விலா எலும்புகளுக்கு நடுவிலும் மேலும் படிந்திருக்கும் கறி கொஞ்சநஞ்சம் அல்ல. கழுத்தும் அப்படித்தான், தடித்த தசை. வனவிலங்குக் காவல் படையினர் வேட்டை நடந்த இடத்துக்கு வந்து பார்க்கும்போது முதலில் கண் போவது அங்கேதான். எலும்பு வெளுத்துத் தெரிந்தால் சரி. சிவப்பாகக் கறி மூடிய விலாக்கூடு அப்படியே கிடந்தால் அதுவே சாட்சி.

சில வேட்டைப் பகுதிகளில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். மாநிலம் 26 வேட்டை மேலாண்மைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் சிலவற்றில் முன் சப்பை, பின் தொடை, விலா ஆகியவற்றை எலும்போடுதான் வெளியே கொண்டுவர வேண்டும். காட்டில் வைத்து அவசரமாகச் சீவினால் கறி நிறைய வீணாகும், வெட்டுப்பட்ட இடமெல்லாம் அழுக்குப் பட்டுச் சீக்கிரம் கெடும் என்பது காரணம். சுமக்கிறவருக்கு எடை கூடும். ஆனாலும் இது நியாயமான விதி என்றுதான் நான் நினைக்கிறேன்.

கொம்பைப் பற்றிய விதி இதைவிட நேரடியானது. கறி முழுவதும் வெளியே வந்த பிறகோ, கடைசிச் சுமையோடு சேர்த்தோதான் கொம்பு வர வேண்டும். முதல் நடையிலேயே கொம்பைத் தூக்கி வந்து படகில் வைத்தால், கறி எங்கே என்று யாரும் கேட்காமலே குற்றம் ஆகிவிடும். கொம்புக்காக வருகிறவரையும் சாப்பாட்டுக்காக வருகிறவரையும் பிரித்துக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

எடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தச் சட்டத்தின் கடுமை புரியாது. மான் குடும்பத்திலேயே பெரியது மூஸ். நன்றாக வளர்ந்த ஆண் மூஸ் 725 கிலோ வரை இருக்கும். அதிலிருந்து ஏறக்குறைய 225 கிலோ கறி கிடைக்கும். ஒரு பின் தொடையே 50 கிலோவைத் தொடும். இதைச் சாலையே இல்லாத காட்டில், முழங்கால் வரை புதையும் சதுப்பில், முதுகில் கட்டித் தூக்கி ஆற்றங்கரைக்கோ விமானம் இறங்கும் மணல் திட்டுக்கோ கொண்டுவர வேண்டும். ஒருவர் தனியாக என்றால் பல நடை. அதனால்தான் அனுபவசாலிகள் சுடுவதற்கு முன்பே தூரத்தைக் கணக்குப் போடுவார்கள். ஆற்றிலிருந்து இரண்டு மைல் உள்ளே நிற்கும் மூஸ் எவ்வளவு பெரிய கொம்போடு நின்றாலும் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவார்கள். சட்டம் எதிர்பார்ப்பதும் அந்த முடிவைத்தான்: தூக்க முடியாததைச் சுடாதே.

“கெட்டுப்போச்சு” என்றால் விட்டுவிடுவார்களா?

சில சமயம். வேண்டுமென்றே விட்டால்தான் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. தெரிந்தே விட்டாலும், விளைவைப் பற்றிக் கவலைப்படாமல் நடந்தாலும், கடும் அலட்சியத்தால் கெடவிட்டாலும் குற்றம்தான். உடல் சூட்டோடு இருக்கும் மானைத் தோலுரிக்காமல் இரவு முழுக்கப் போட்டுவைத்து, காலையில் வந்து பார்த்தால் உள்ளே புளித்துப்போயிருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தாலும் அதே கதி. காற்றோட்டமுள்ள துணிப்பையில் போட்டு, நிழலில் தொங்கவிட்டு, ஈரமும் மண்ணும் படாமல் பார்த்துக்கொள்வது வேட்டைக்காரரின் பொறுப்பு. “எனக்குத் தெரியாது” என்பது பெரிய உதவி செய்யாது.

கைமீறிய காரணம் என்றால் கதை வேறு. கறியை யாராவது திருடிவிட்டால், எதிர்பாராத புயல் மழையால் போக முடியாமல் போனால், வேறொரு காட்டு விலங்கு வந்து தின்றுவிட்டால் அது தற்காப்பு வாதமாக ஏற்கப்படும். அதிலும் “தவிர்க்க முடியாத” என்ற நிபந்தனை உண்டு. கரடி நடமாடும் இடத்தில் கறியை மூன்று நாள் தரையில் போட்டுவிட்டு முகாமில் இருந்துவிட்டு, கரடி தின்றுவிட்டது என்று சொன்னால் எடுபடுமா என்று யோசித்துக்கொள்ளலாம். கறியைக் கொண்டுசேர்க்க ஒப்புக்கொண்ட இன்னொருவரிடம் ஒப்படைத்திருந்தால் பொறுப்பு அவரிடம் போகும்.

கறியை ஊருக்குக் கொண்டுவந்த பிறகு நாய்க்குப் போடுவதும், பொறியில் இரையாக வைப்பதும் தடை. விட்டுவிடலாம் என்று சட்டம் சொன்ன குடல், தலை, எலும்பு, தோல் போன்றவற்றை அப்படிப் பயன்படுத்தலாம். கரடிக்கும் ஓநாய்க்கும் விதி வேறு: கருங்கரடியின் கறியைச் சில பகுதிகளில் சில மாதங்களில் எடுத்தாக வேண்டும், பழுப்புக் கரடிக்குப் பொதுவாகத் தோலும் மண்டையோடும்தான் கணக்கு. போகும் பகுதியின் அந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கள்ள வேட்டைக்கு என்ன தண்டனை?

உரிமம் இல்லாமலோ, பருவம் தப்பியோ, மூடிய பகுதியிலோ சுட்டாலும், அளவு குறைந்த விலங்கைச் சுட்டாலும் அது கள்ள வேட்டை. அலாஸ்காவில் இன்னொரு விதியும் உண்டு. சிறு விமானத்தில் பறந்து வந்து இறங்கியவர் அன்றே பெரும்பாலான பெரிய விலங்குகளை வேட்டையாடக் கூடாது. மறுநாள் அதிகாலை 3 மணி வரை பொறுக்க வேண்டும். வானத்திலிருந்து மந்தையைப் பார்த்துவிட்டு நேராக அதன் பக்கத்தில் போய் இறங்குவதைத் தடுக்க வந்தது இது.

இந்தக் குற்றங்களும் கறியை வீணாக்குவதும் ‘ஏ’ வகுப்புச் சிறு குற்றங்களாக வழக்குக்குப் போகலாம். பெயர்தான் சிறு குற்றம். உச்சபட்சத் தண்டனை 1 ஆண்டு சிறை, 25,000 டாலர் அபராதம். சட்டவிரோதமாகக் கொன்ற விலங்குக்கு, அதன் இனத்தைப் பொறுத்து, மாநிலத்துக்கு இழப்பீடும் கட்டவைக்கலாம். உரிமம் பறிபோகும். துப்பாக்கி, படகு, நான்கு சக்கர வண்டி, ஏன் விமானத்தைக்கூட நீதிமன்றம் பறிமுதல் செய்யலாம். பிடிபட்ட கறி தொண்டு அமைப்புகளுக்குப் போகும்.

ஒரு மாநிலத்தில் உரிமம் போனால் அடுத்த மாநிலத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. 1989-இல் கொலராடோ, நெவாடா, ஓரிகன் மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஒப்பந்தத்தில் இன்று அலாஸ்கா உட்பட ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் இருக்கின்றன. ஓரிடத்தில் தடை விழுந்தால் மற்ற இடங்களிலும் தொடரும். கள்ளத்தனமாகக் கொன்ற விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோனால் 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி அது கூட்டாட்சி அரசின் வழக்காகவும் மாறும்.

கொலராடோ இன்னும் கடுமை. அங்கே கொம்பையோ தோலையோ மட்டும் எடுத்துக்கொண்டு பெரிய விலங்கின் உடலை விட்டுப் போவது பெருங்குற்றம், வாழ்நாள் தடை வரைக்கும் போகும். எஸ்டஸ் பார்க் ஊரில் மக்கள் பெயர் வைத்துக் கொண்டாடிய சாம்சன் என்ற எல்க் 1995 நவம்பரில் கள்ளத்தனமாகக் கொல்லப்பட்டது. அந்தக் கோபத்தில் 1998-இல் பிறந்தது சாம்சன் சட்டம். ஒரு பக்கக் கொம்பில் 6 கிளையாவது உள்ள ஆண் எல்க்கைக் கள்ளமாகக் கொன்றால் மற்ற அபராதங்களோடு கூடுதலாக 10,000 டாலர், பெரிய கொம்புள்ள மலைச் செம்மறிக்கு 25,000 டாலர். பெருமைக்காகக் கொல்கிறவர்களைப் பணத்தில் அடிப்பது சரியான இடத்தில் விழும் அடி.

தெரியாமல் தப்பு நடந்துவிட்டால்

அலாஸ்காவின் பல பகுதிகளில் ஆண் மூஸின் கொம்பு 50 அங்குல அகலமாவது இருக்க வேண்டும், அல்லது முன்பக்கக் கிளைகளின் எண்ணிக்கையில் தேற வேண்டும். புதர் மறைவில் நிற்கும் மானைப் பார்த்து 48-ஐ 50 என்று நினைத்துவிடுவது நடக்கிற காரியம். அப்போது செய்யக் கூடாத ஒன்று, பயந்து விட்டுவிட்டு ஓடுவது. கறி முழுவதையும் ஒழுங்காக எடுத்து, கொம்போடு சேர்த்து வனவிலங்குக் காவல் படையிடம் தானாகவே போய்ச் சொன்னவருக்குப் பெரும்பாலும் சிறு அபராதத்தோடு முடியும். ஓடியவர்மேல் இரண்டு குற்றம் விழும், அதில் ஒன்றுக்கு அந்த 7 நாள் சிறை காத்திருக்கிறது.

வெளியே இருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்கக் குடியுரிமையும் இல்லை, நிரந்தர வசிப்பிடமும் அமெரிக்காவில் இல்லை என்றால், அலாஸ்காவில் எந்தப் பெரிய விலங்கை வேட்டையாடவும் உரிமம் பெற்ற வழிகாட்டி கூடவே இருக்க வேண்டும். ஊரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த மச்சானின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து “நீயும் ஒண்ணு சுடு” என்று சொல்ல முடியாது.

வேட்டைக்கே போகாமல் கறியை மட்டும் வாங்கிக்கொள்கிறவர்களும் கவனிக்க வேண்டியது உண்டு. பெரிய விலங்கின் கறியை அன்பளிப்பாகக் கொடுக்கலாம், விலைக்கு விற்கக் கூடாது. கொடுக்கும்போது கைமாற்றச் சீட்டு ஒன்று எழுத வேண்டும்: கொடுப்பவர், வாங்குபவர் இருவரின் பெயரும் முகவரியும், எந்த விலங்கு, எப்போது எங்கே வேட்டையாடியது, கறி எவ்வளவு, வேட்டைக்காரரின் உரிம எண், இருவரின் கையெழுத்து. விதிப் புத்தகத்திலேயே அந்தப் படிவம் அச்சாகியிருக்கும், வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும். ஃப்ரீசரில் கறி இருக்கும் வரை அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.