‘ப்ராப் ஸ்ட்ரைக்’: சுழலுந்தி அடிபடுதல்

விமானத்தின் ப்ரொப்பெல்லர் எதிலாவது மோதுவதை ஆங்கிலத்தில் ‘ப்ராப் ஸ்ட்ரைக்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் கை தானாக ‘ப்ரொப்பெல்லர் சேதம்’ என்றுதான் எழுதப் போகும். அந்தக் கையைத் தடுக்கவே இதை எழுதுகிறேன். சேதம் கண்ணுக்குத் தெரிவது. ஸ்ட்ரைக் நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சி. தடயம் விட்டிருக்கலாம், விடாமலும் போயிருக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், தானே கட்டிய சிறு விமானத்தின் முன் நிற்பவர் விளிம்பைத் தடவிப் பார்த்து, “சேதம் ஒன்றுமில்லை” என்று சொல்லி மறுபடியும் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

முதலில் ப்ரொப்பெல்லர். லத்தீனில் ‘ப்ரோ’ என்றால் முன்னே, ‘பெல்லெரே’ என்றால் தள்ளுதல். முன்னே தள்ளுவது ப்ரொப்பெல்லர். கப்பலில் பழகிய பிறகே இந்தச் சொல் விமானத்தில் ஏறியது. தொடக்ககாலக் கப்பல் உந்திகள் ஆர்க்கிமிடீசின் திருகைப் போலவே இருந்ததால் அவற்றை ‘ஸ்க்ரூ’ என்றும் அழைத்தார்கள். 1836இல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் அப்படிப்பட்ட திருகு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு லண்டனில் ஒரு கால்வாயில் நடந்த சோதனை ஓட்டத்தில் அவருடைய மரத்திருகின் ஒரு பகுதி உடைந்துபோனது. படகோ முன்னைவிட வேகமாக ஓடியது! உடைந்ததால் நன்மை விளைந்த அந்தக் கதையை நான் விரும்பிப் படிப்பேன். ஆனால் காற்றில் சுழலும் உந்திக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

தமிழில் இதற்குச் சில சொற்கள் போட்டி போடுகின்றன. ‘காற்றாடி’ பொருந்தாது, காற்றாடியைக் காற்று ஆட்டுகிறது, இங்கே இயந்திரம் சுழற்றுகிறது. ‘விசிறி’ நெருங்கி வருகிறது. ஆனாலும் அதன் ஒவ்வோர் அலகும் சுழலும் ஒரு சிறகு. 1903இல் பறந்த ரைட் சகோதரர்கள் அப்படி எண்ணிப் பார்த்துத்தான் தங்கள் மர உந்திகளை வடிவமைத்தார்கள். ‘முன்செலுத்தி’ லத்தீனை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தது. பிழையில்லை, நாவில் நிற்கவில்லை. ‘உந்தி’ எனக்குப் பிடித்தமானது. உந்துவது உந்தி. அகராதியில் அதே சொல்லுக்குக் கொப்பூழ், நீர்ச்சுழி, ஆறு என்ற பொருள்களும் உண்டு என்பதால், குழப்பம் வராமல் ‘சுழலுந்தி’ என்று சேர்த்து எழுதுகிறேன். அதன் இலைக்கு ‘அலகு’ போதும். கத்திக்கும் பறவைக்கும் இருக்கும் சொல். கூரும் வளைவும் இரண்டும் அதில் இருக்கின்றன.

இனி ஸ்ட்ரைக். இன்றைய ஆங்கிலத்தில் ஓங்கி அடிப்பது. ஆனால் அதன் பழைய வடிவம் மெல்லத் தடவிச் செல்வதையும் உரசுவதையும் குறித்தது. வருடலைக் குறிக்கும் ‘ஸ்ட்ரோக்’ அதன் உடன்பிறப்பு. விமானத்துறை தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பழம்பொருளையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. சிறு விமானங்களுக்கு இயந்திரம் செய்யும் லைகாமிங் நிறுவனம் சொல்லும் வரையறையைப் பாருங்கள். அலகை இலேசாக அரத்தால் சீர்செய்வதற்கு மேல் பழுதுபார்க்க வேண்டிய எந்த மோதலும் ஸ்ட்ரைக்தான், இயந்திரம் ஓடாமல் நின்றிருந்தாலும். நீரிலோ உயர்ந்த புல்லிலோ பட்டுச் சுழல்வேகம் சட்டென்று குறைந்தால் அதுவும் ஸ்ட்ரைக். அலகில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும்.

இந்த இடத்தில்தான் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. நாம் அடியையும் காயத்தையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. குழந்தை விழுந்தால் “அடிபட்டதா?” என்று கேட்கிறோம்; காயத்தைத் தேடுவது அதற்குப் பிறகு. வெளியே தெரியாமல் உள்ளே நோகும் அடிக்கு ‘ஊமையடி’ என்றே பெயர் வைத்திருக்கிறோம். ப்ராப் ஸ்ட்ரைக்குக்கு ‘சுழலுந்தி அடிபடுதல்’ என்பதே சரியான தமிழ். அதன் ஆபத்தான வகைக்கு ‘ஊமையடி’ என்பதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை.

ஊமையடி எங்கே விழுகிறது? சுழலும் அலகு திடீரென்று தடுக்கப்படும்போது அந்த அதிர்ச்சி, உந்தியைச் சுழற்றும் இயந்திரத்தின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் வழியாகப் பின்னால் ஓடுகிறது. லைகாமிங் இயந்திரங்களில் அந்தத் தண்டின் பின்முனையில் ஒரு பற்சக்கரம் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டோ பொருத்து முளையோ தளர்ந்தால் வால்வுகளும் தீப்பொறியும் இயங்காது; இயந்திரம் வானில் நின்றுவிடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2004இல் வெளியிட்ட ஆணை ஒன்று, அடிபட்ட பிறகு இந்தப் பற்சக்கர இணைப்பைத் திறந்து பார்க்கவும் போல்ட்டைப் புதிதாக மாற்றவும் சொல்கிறது. ரோடாக்ஸ் 912 போன்ற இயந்திரங்களில் தண்டுக்கும் உந்திக்கும் நடுவே வேகம் குறைக்கும் கியர்பெட்டி இருப்பதால் சந்தேகம் முதலில் அதன்மேல் விழ வேண்டும்.

வெளிக்காயங்களுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும், ஏனென்றால் மருந்து வேறு வேறு. கல் தெறித்து முன்விளிம்பில் விழும் சிறு பள்ளத்தை ‘நிக்’ என்கிறார்கள். ‘பொக்கை’ என்றால் பல் விழுந்த இடம்போல உருவம் கண்முன் வருகிறது. உலோக அலகில் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்குள் இருந்தால், அரத்தை விளிம்பின் நீளவாக்கில் ஓட்டி, பள்ளத்தைச் சரிவாக விரித்து, பிறகு சாயம் ஊடுருவவிட்டு வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூரான அடி உள்ள பள்ளத்தில்தான் உலோகச் சோர்வு வெடிப்பாகத் தொடங்கும். ‘நெளிவு’ வேறு. அதைச் சுத்தியலால் நிமிர்த்த நினைப்பவரின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அது உந்திப் பட்டறைக்குப் போக வேண்டியது. மர அலகில் ‘பிளவு’, இழைகளைப் பிசினில் அடுக்கி ஒட்டிய கூட்டிழை அலகில் ‘அடுக்குப் பிரிதல்’. பின்னதை நாணயத்தால் தட்டித் தேடுவார்கள். கணீரென்று ஒலித்துவந்த பரப்பில் ஓர் இடம் மட்டும் மந்தமாக ஒலித்தால் சந்தேகப்படலாம்.

சிறு காயம்தானே என்று தோன்றும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1.8 மீட்டர் விட்டமுள்ள உந்தி நிமிடத்துக்கு 2500 முறை சுழன்றால், நுனி மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த நுனியிலிருந்து 10 கிராம் பெயர்ந்தால், 60 கிலோவுக்கு மேற்பட்ட சமனற்ற இழுப்பு நொடிக்கு 40 தடவைக்கு மேல் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி உலுக்கும். ஓர் அலகே போனால் இயந்திரம் தாங்கியிலிருந்து பிய்ந்துவிடக்கூடும்.

எதையும் தொடுவதற்கு முன், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்சுகளை அணையுங்கள். அணைத்த பிறகும் உந்தி கிளம்பிவிடும் என்று எண்ணியே கை வையுங்கள். அலகுகளைக் கையால் சுழற்றி, அசையாத ஒரு குறியை இரு நுனிகளும் ஒரே தூரத்தில் கடக்கின்றனவா என்று பாருங்கள். உந்தி பூட்டப்படும் கிராங்க் ஷாஃப்ட் விளிம்புத் தட்டின் ஆட்டத்தை, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். அது சரியாக இருந்தாலும் உள்ளே பார்க்கும் வேலை தீராது.

சொல்லின் பயன் கடைசியில் பதிவேட்டில்தான் தெரியும். தானே கட்டியவருக்கு அவரே மெக்கானிக், அவரே சாட்சி. அவர் இப்படி எழுதினால் போதும்: “தரையிறங்கும்போது சுழலுந்தி புல்லில் அடிபட்டது. சுழல்வேகம் குறைந்தது. வெளிக்காயம் இல்லை. ஊமையடி பார்க்கும்வரை விமானம் பறக்காது.”