இலவச உயரத் தரவை வைத்து ஏரியின் ஆழம் கணக்கிடலாமா?

தூர்வாரும் திட்டம், கொள்ளளவுக் கணக்கு என்று என்னிடம் வரும் அறிக்கைகளில் இப்போதெல்லாம் ஏரியின் ஆழ வரைபடம் ஒன்று தவறாமல் இருக்கிறது. நீலச் சாயல்களில் பார்க்க அழகாகவே இருக்கும். எதிலிருந்து எடுத்தது என்று கேட்டால் பெரும்பாலும் எஸ்.ஆர்.டி.எம். என்கிற, நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் இலவச உயரத் தரவு. அதை நம்பி மண் அள்ளக் கணக்குப் போடாதீர்கள்.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் சுற்றி, ரேடார் மூலம் எடுத்த தரவு அது. ரேடார் அலை தண்ணீருக்குள் இறங்காது. நீர்ப்பரப்பில் அளவுகள் தாறுமாறாக வந்ததால், திருத்திய பதிப்பில் 600 மீட்டருக்கு மேல் நீளமான ஏரிகளை ஒரே உயரத்துக்குத் தட்டையாக்கிவிட்டார்கள். அன்று தண்ணீர் நின்ற இடத்தில் ஏரியின் தரை அந்தத் தரவில் இல்லவே இல்லை. 2000க்குப் பிறகு கட்டிய அணை என்றால் கதை வேறு. தண்ணீர் தேங்குவதற்கு முந்தைய பள்ளத்தாக்கு அதில் பதிவாகியிருக்கும்.

வறண்ட ஏரியிலும் சிக்கல் உண்டு. உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் ரேடார் தழையில் பட்டே திரும்பிவிடும். தரை மேடாகிவிட்டது போலத் தெரியும். அதோடு, உயரத்தில் 16 மீட்டர் வரை பிழை இருக்கலாம் என்பதே இந்தத் தரவுக்கு வைத்த துல்லிய இலக்கு. நடைமுறையில் பிழை அதைவிடக் குறைவுதான். ஆனாலும் மூன்று நான்கு மீட்டர் ஆழமுள்ள ஏரிக்கு எப்படிப் போதும்?

சரி, வேறு என்ன வழி? தண்ணீர் ஏறி இறங்கும்போது கரையோரம் நகர்கிறதே, அதையே சமஉயரக் கோடாக, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடாக எடுத்துக்கொள்ளலாம். மேட்டூரைப் பாருங்கள். 2023 ஜூனில் 100 அடிக்கு மேல் இருந்த நீர்மட்டம் அக்டோபரில் 30 அடியை ஒட்டி இறங்கியது. 2024 ஜூலை கடைசியில் 120 அடியைத் தொட்டது. சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் நுணுக்கத்தில் படம் தருகின்றன; மேகம் மூடினால் சென்டினல்-1 ரேடார் படம் இருக்கிறது. அணையின் நீர்மட்டமோ தினமும் வெளியாகிறது. ஒவ்வொரு படத்திலும் நீர் விளிம்பை வரைந்து அன்றைய மட்டத்தை எழுதினால், அது அளந்த கோடு. அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடைப்பட்ட கொள்ளளவைக் கூட்டிக்கொண்டே போகலாம். 1934இல் முடிந்த அணைக்கு இன்றும் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்றே சொல்கிறோம். வண்டல் எவ்வளவு இடத்தை விழுங்கியிருக்கிறது என்று அறிய இந்தக் கணக்கு அவசியம்.

30 அடிக்குக் கீழே இருப்பதைப் படம் காட்டாது. அங்கே ஒலி அலையை அனுப்பி ஆழம் அளக்கும் எதிரொலிமானியோடு படகில்தான் போக வேண்டும். அப்போது ஜி.பி.எஸ். உயரத்தை அப்படியே எடுத்துவிடாதீர்கள். திருத்தாத ஜி.பி.எஸ். உயரம் தமிழ்நாட்டில் கடல்மட்டக் கணக்கிலிருந்து 80 மீட்டருக்கும் மேல் விலகி நிற்கும். அணை என்றால் அதன் நீர்மட்ட அளவுகோலோடும், ஏரி என்றால் உபரி நீர் வழியும் கலங்கலின் மட்டத்தோடும் இணைத்த பிறகே ஆழத்தைக் குறியுங்கள்.