பெல்ப்ஸுக்கு 23, போல்ட்டுக்கு 8: தங்கத்தை எண்ணி விளையாட்டைத் தேர்ந்தெடுக்கலாமா?

விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் என்பதால் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பெல்ப்ஸ் 23 தங்கம் வாங்கியிருக்கிறார், போல்ட் எட்டுதான். பிள்ளையை நீச்சலில் சேர்ப்பதுதானே லாபம்?"

எண்ணிக்கை சரிதான். 2004 முதல் 2016 வரை நான்கு ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் வாங்கியது 28 பதக்கம், அதில் 23 தங்கம். ஜமைக்கா ஓட்டக்காரர் உசேன் போல்ட் 2008, 2012, 2016 மூன்றிலும் 100, 200 மீட்டரில் ஜெயித்தார். அதோடு தொடர் ஓட்டத்தில் இரண்டு தங்கம். (2008 தொடர் ஓட்டத் தங்கமும் இருந்தது. அணியில் ஓடிய நெஸ்டா கார்ட்டர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் அது பறிபோனது. போல்ட் செய்த தப்பு எதுவும் இல்லை.)

ஆனால் இந்த எண்ணிக்கை காட்டுவது, யாருக்கு எத்தனை போட்டி கிடைத்தது என்பதைத்தான். 200 மீட்டரை ஃப்ரீஸ்டைலில் நீந்தலாம், பட்டர்ஃபிளையில் நீந்தலாம், நான்கு நீச்சல் வகையும் கலந்து மெட்லியாகவும் நீந்தலாம். ஒவ்வொன்றுக்கும் தனித் தங்கம். பெய்ஜிங்கில் பெல்ப்ஸ் இந்த மூன்றையுமே வென்றார். 200 மீட்டர் ஓட்டத்துக்கு ஒரே ஒரு தங்கம்தான்.

தூரத்தை வைத்து ஒப்பிடுவதும் சரிப்படாது. 2024 பாரிஸில் பான் ஜான்லே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 46.40 நொடியில் நீந்தினார். 2016 ரியோவில் வேய்ட் வான் நீகெர்க் 400 மீட்டரை 43.03 நொடியில் ஓடினார். உழைக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், உடலைப் பொறுத்தவரை இந்த இரண்டும்தான் ஜோடி. 100 மீட்டர் ஓட்டத்தில் போல்ட்டின் உலக சாதனையான 9.58 நொடிக்கு நீச்சலில் ஜோடியே கிடையாது. ஒலிம்பிக்கின் மிகக் குறுகிய 50 மீட்டர் நீச்சலுக்கே 20 நொடிக்கு மேல் ஆகிறது.

அப்புறம், முக்கியமான விஷயம். பெய்ஜிங்கில் பெல்ப்ஸ் ஒன்பது நாளில் 17 முறை போட்டியில் நீந்தினார். உச்சநிலை ஓட்டக்காரர் யாராலும் அத்தனை முறை முழு வேகத்தில் ஓட முடியாது. முழு வேகத்தில் ஓடும்போது பாதம் தரையில் நிற்பது நொடியில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குள் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை காலில் இறங்கும். காலை முன்னால் வீசும்போது பின்தொடைத் தசை நீண்டுகொண்டே இறுகி, காலைப் பிடித்து நிறுத்த வேண்டும். நீண்டபடி இறுகும் தசைதான் அதிகம் சேதமாகும், தேறவும் நாளாகும். தண்ணீரில் இந்த அடி இல்லை. மூச்சும் களைப்பும் அடங்கினால் மறுபடி இறங்கிவிடலாம்.

நீச்சலில் பதக்கம் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம். வளரும் பிள்ளைகளுக்கு ஆபத்து வருவதும் இங்கிருந்துதான். ஓட்டக்காரருக்கு அடி பட்டால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். 2017 லண்டன் உலகப் போட்டியில் போல்ட் தன் கடைசி ஓட்டத்தில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்ததை எல்லாரும் பார்த்தோம். நீச்சல்காரரின் தோள் அப்படி அறிவிக்காது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பிள்ளையும் "கை அசதிதான்" என்று சொல்லிக்கொண்டே நீந்தும்.

என்னிடம் வரும்போது கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கச் சொல்வேன். தோள் உயரத்தை நெருங்கும்போது முகம் சுளிக்கும். அதைத் தாண்டிக் காதருகே போனதும் வலி குறைந்துவிடும். தோள் மூட்டின் மேலுள்ள தசைநார் நசுங்குகிறது என்று சந்தேகிக்க இது போதும். உடனே நீச்சலை நிறுத்தச் சொல்வதில்லை. தண்ணீரைத் தள்ளக் கையில் மாட்டும் தட்டையான பேடிலைக் கழற்றச் சொல்வேன், நீந்தும் தூரத்தைக் குறைக்கச் சொல்வேன், தோள்பட்டை எலும்பைப் பிடித்து நிறுத்தும் தசைகளுக்குப் பயிற்சி தருவேன்.

இன்னொன்று, தண்ணீர் உடலைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை குறைவு. நீச்சல் மட்டுமே பழகும் பிள்ளைகளுக்கு எலும்பு அடர்த்தி, ஓடிக் குதித்து விளையாடும் பிள்ளைகளைவிடக் குறைவாக இருக்கலாம். வாரத்தில் சில நாளாவது ஸ்கிப்பிங், ஓட்டம், பந்து விளையாட்டு ஏதாவது ஒன்று வேண்டும். பயிற்சியாளர் நேரம் இல்லை என்றாலும் விடாதீர்கள்.

ஓட்டப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 13 முதல் 17 வயதுக்குள் உள்ள பிள்ளை ஓடும்போது "டப்" என்று கேட்டது, உட்காரும் இடத்தில் வலிக்கிறது என்று சொன்னால், சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். அந்த வயதில் பின்தொடைத் தசை தொடங்கும் இடத்தில் எலும்பு இன்னும் முழுதாகக் கூடியிருக்காது. தசை கிழிவதற்குப் பதில் எலும்புத் துண்டே பெயர்ந்து வந்துவிடும். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். துண்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்தால்தான் ஓய்வு போதுமா, அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்று எலும்பு மருத்துவர் சொல்ல முடியும்.