20 ரூபாய் பத்திரத்தில் எழுதினால் விவாகரத்து ஆகிவிடாது

ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து, 20 ரூபாய் பத்திரத்தில் "இன்று முதல் எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக் கொடுப்பார்கள். நோட்டரி முத்திரை குத்தினாலும் அது விவாகரத்து ஆகாது. தங்கள் சமூகத்தில் பழங்காலம் தொட்டு அப்படி ஒரு வழக்கம் இருப்பதாகக் கோர்ட்டில் நிரூபிக்க முடிந்தவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது. இதில் அதிகம் நஷ்டப்படுவது பெண்கள்தான், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இந்து திருமணச் சட்டப்படி (1955) இருவருக்கும் சம்மதம் என்றால் பரஸ்பர விவாகரத்து கேட்கலாம். ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிவுதான். மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருந்து, இருவரும் மறுபடி கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்திருந்து, நகை, பணம், பிள்ளை எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். 2017-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி விட்டது. தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே கொடுக்க வேண்டிய பணம், நகை, அதற்கான தேதி எல்லாம் மனுவிலேயே எழுத்தில் இருக்கட்டும்.

ஒருவர் மறுத்தால் கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது போன்ற காரணங்களை நிரூபிக்க வேண்டும். வாய்தா வாய்தாவாக வருடக்கணக்கில் போகும்.

கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லையே என்று பயப்பட வேண்டாம். பத்திரிகையும் தாலி கட்டும்போது எடுத்த போட்டோவும் போதும். கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர் ஆகிய இடங்களில் மனு போடலாம். மனைவி போடுவதாக இருந்தால் அவர் இப்போது இருக்கும் ஊரிலேயே போடலாம்.

சரி, செலவு? கோர்ட் கட்டணம் சிறு தொகைதான். பெரிய செலவு வக்கீல் ஃபீஸ். அதற்கு நிர்ணயித்த தொகை கிடையாது. மொத்தம் எவ்வளவு, அதில் டைப்பிங்கும் நகல் செலவும் சேர்த்தியா என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். வழக்கு நடத்தக் கையில் காசில்லை என்றால், வசதியுள்ள துணையிடமிருந்து வழக்குச் செலவும் இடைக்கால ஜீவனாம்சமும் வாங்கித் தரும்படி கோர்ட்டைக் கேட்கலாம். அப்போது இருவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும்.

பெண்களுக்கு இன்னொரு உரிமையும் உண்டு. வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் கிடைப்பார். பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.