இங்கிலீஷ் தெரியும், 'நாட் கிவன்' தெரியாது

இங்கிலாந்து வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதும் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அங்குள்ள நர்சிங் கவுன்சில் ரீடிங் பகுதியில் 9-க்கு 7 கேட்கிறது. 40 கேள்விகளில் ஏறக்குறைய 30 சரியாக இருந்தால்தான் அது கிடைக்கும். ஐசியூவில் ஆங்கிலக் கேஸ் ஷீட்டை மளமளவென்று படிக்கிறவர்கள்கூட 24, 25-இல் நின்றுவிடுகிறார்கள். 'எனக்கு இங்கிலீஷ் வராது மேடம்' என்று இலக்கண வகுப்பைத் தேடிப் போகிறார்கள்.

நான் முதலில், தப்பெல்லாம் எந்த வகைக் கேள்வியில் விழுந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பேன். அப்புறம் அந்தப் பத்தியைத் தமிழில் சொல்லச் சொல்வேன். சரியாகச் சொல்லிவிட்டால் கோளாறு மொழியில் இல்லை.

அதிகம் பேர் சறுக்குவது ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்விகளில். ஒரு பயிற்சிப் பத்தியில், 'அந்த ஊரில் 1920களில் பல நூற்பாலைகள் தொடங்கின' என்று இருந்தது. கேள்வி: 'ஆலைகளில் பெண்களே அதிகம் வேலை செய்தார்கள்.' கோயம்புத்தூர்ப் பெண் ஒருவர் ட்ரூ போட்டார். அவருடைய பாட்டி மில்லில் வேலை பார்த்தவராம். பக்கத்தில் இருந்தவர், 'பத்தியில் அப்படி இல்லையே' என்று ஃபால்ஸ் போட்டார். இரண்டும் தப்பு. பத்தி மறுத்தால்தான் ஃபால்ஸ். அதைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் நாட் கிவன். 'சரியா, தவறா' என்று இரண்டையே பார்த்து வளர்ந்த நமக்கு மூன்றாவது ஒன்று இருப்பது மனதில் பதியவே நாளாகிறது. எனக்கும் ஆனது.

கோடிட்ட இடத்தில் வேறு வம்பு. 'இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது' என்றால் மூன்றாவது சொல் சரியானதாகவே இருந்தாலும் மார்க் போய்விடும். அதிகம் எழுதினால் அதிக மார்க் என்பது நம் பள்ளிக்கூடப் பழக்கம். லிஸ்னிங்கில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். செவ்வாய்க்கிழமை என்று ஆரம்பித்தவர், 'இல்லை, அன்றைக்கு வேலை இருக்கிறது' என்று வியாழனுக்கு மாறுவார். காதில் முதலில் விழுந்ததை டிக் பண்ணியவர் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

தப்புக்கு மார்க் குறைப்பது கிடையாது. ஆனாலும் பயந்துகொண்டு காலியாக விடுகிறவர்கள் எல்லா பேட்ச்சிலும் இருக்கிறார்கள்.

பத்திக்குத் தலைப்புப் பொருத்துவதற்கு மட்டும் என்னிடம் குறுக்குவழி இல்லை. கேள்வியில் உள்ள சொல்லையே பத்தியில் தேடாதீர்கள் என்பேன், அவ்வளவுதான்.

தமிழிலேயே பத்தியைச் சொல்லத் திணறுகிறவர்களுக்கு இந்த நுணுக்கங்களை நான் சொல்லித் தருவதில்லை. தேர்வுத் தேதியைத் தள்ளிப்போட்டு, தினம் இரண்டு பக்கம் படிக்கச் சொல்கிறேன். கோபித்துக்கொண்டு வேறு சென்டருக்குப் போனவர்களும் உண்டு.