எல்லாவற்றையும் "வான்வெளி" என்று எழுதாதீர்கள்

போன வாரம் காலை ஆறு மணிக்கு ஒரு போன். கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் தங்கச்சி. அவளுடைய மகள் தைவானில் சிஞ்சு என்ற ஊரில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். "அண்ணா, சீனாவோட 45 போர் விமானம் தைவான் வான்வெளிக்குள்ள நுழைஞ்சிருச்சாம். சண்டை ஆரம்பிச்சிருச்சுங்களாண்ணா?" கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. ராத்திரி முழுக்க வீட்டில் யாரும் தூங்கவில்லை. போதாததற்கு ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து மகளுக்கு மறுநாளே டிக்கெட்டும் போட்டுவிட்டார்கள், ரத்து செய்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராத டிக்கெட். அந்தப் பெண்ணோ ஆய்வகத்திலிருந்து, "இங்க எல்லாரும் காலேஜ் போயிட்டு வந்துட்டுதாம்மா இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். யாரும் காதில் வாங்கவில்லை.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் 29 வருடம் ரேடார் திரை முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்று மலைக்கு வந்த பிறகு இப்படி வரும் போன்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆனால் இந்த முறை அந்தத் தங்கச்சியின் அழுகை மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எல்லாக் குழப்பமும் ஒரு சொல்லில் இருக்கிறது. "வான்வெளி." எங்கள் தொழிலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று கோடுகள் உண்டு. செய்தியில் மூன்றையும் இந்த ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிடுகிறார்கள்.

முதல் கோடு ஒரு நாட்டின் சொந்த வானம். 1944-இன் சிகாகோ உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டின் நிலத்துக்கும் அதன் கரையோரக் கடலுக்கும் மேலே உள்ள வானம் முழுக்க அந்த நாட்டுக்குச் சொந்தம். கரையோரக் கடல் என்பது 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகிற தூரம்தான். அனுமதி இல்லாமல் ராணுவ விமானம் இதற்குள் வந்தால் அதுதான் அத்துமீறல்.

இரண்டாவது விமானத் தகவல் மண்டலம். எந்த விமானத்தோடு எந்தக் கட்டுப்பாட்டு அறை பேச வேண்டும் என்பதற்கான வேலைப் பங்கீடு, அவ்வளவுதான். சென்னை மண்டலம் வங்கக் கடலுக்குள் வெகுதூரம் போகிறது. அந்தக் கடல் எல்லாம் இந்தியாவுடையது என்று அர்த்தம் இல்லை.

மூன்றாவதுதான் இத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. வான் பாதுகாப்பு அடையாள மண்டலம். தன் கரைக்கு வெகுதூரம் முன்னாலேயே ஒரு நாடு கோடு போட்டு, "இதைத் தாண்டி வருகிறவர்கள் யார், எங்கே போகிறீர்கள் என்று சொல்லுங்கள்" என்று கேட்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி இ-பாஸ் கேட்கிறார்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சப்பனையைத் தாண்டிய வண்டியைப் பார்த்து, என் வீட்டுச் சமையலறைக்குள் வந்துவிட்டது என்று நான் கத்தினால் எப்படி இருக்கும்? ஒரு வித்தியாசமும் உண்டு. செக்போஸ்ட்டுக்குச் சட்டம் இருக்கிறது. அடையாள மண்டலத்துக்குச் சர்வதேச ஒப்பந்தம் எதுவும் கிடையாது. 1950-இல் அமெரிக்கா ஆரம்பித்து வைத்தது, பிறகு ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய இடத்தில் போட்டுக்கொண்டது. 2013 நவம்பர் 23 அன்று சீனா கிழக்குச் சீனக் கடலில் ஒன்றை அறிவித்தபோது அது ஜப்பானின் மண்டலத்தின் மேலேயே விழுந்தது. இருவரும் உரிமை கொண்டாடும் சென்காகுத் தீவுகள் இரண்டு மண்டலத்துக்குள்ளும் இருக்கின்றன. இந்தியாவுக்கும் இப்படி மண்டலங்கள் உண்டு, உள்ளே வரும் விமானம் வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்கியாக வேண்டும்.

தைவானின் மண்டலம் 1950-களில் வரைந்தது. சீனப் பெருநிலத்தின் ஃபூஜியான் மாகாணப் பகுதிகள்கூட அந்தக் கட்டத்துக்குள் வருகின்றன! தைவான் பாதுகாப்பு அமைச்சகம் 2020-லிருந்து தினமும் வெளியிடும் கணக்கு இந்த மண்டலத்தையும், சீனாவுக்கும் தைவானுக்கும் இடையில் உள்ள ஜலசந்தியின் நடுக்கோட்டையும் பற்றியது. அந்தக் கணக்கை எடுத்து "தைவானுக்குள் நுழைந்தன" என்று தலைப்புப் போடுகிறவர்களை என்ன சொல்வது. ஜலசந்தியின் மிகக் குறுகலான இடமே சுமார் 130 கிலோமீட்டர். நடுக்கோட்டைத் தாண்டினாலும் கரைக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். படை குவிவது உண்மை. 2022 ஆகஸ்டுக்குப் பிறகு நடுக்கோட்டைத் தாண்டுவது வாடிக்கையாகிவிட்டது. 2024 அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் 153 விமானங்கள். இதில் என்னைப் போன்றவர்கள் பயப்படுவது படையெடுப்பைவிட ஆள் தெரியாமல் நடக்கும் தவறுக்குத்தான். 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனில் 32,000 அடி வரைதான் வானத்தை மூடியிருந்தார்கள். மலேசிய விமானம் 33,000 அடியில் போனது, ஏவுகணை அதை வீழ்த்தியது. 298 பேர் இறந்தார்கள். 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரில் பட்காம் அருகே நம்முடைய ஹெலிகாப்டரை நம்முடைய ஏவுகணையே வீழ்த்தியது. எல்லாருடைய விரலும் பொத்தான் மேல் இருக்கும் நேரத்தில் இதுதான் நடக்கும். இதனால்தான் இந்தியாவும் பாகிஸ்தானும் 1991-இல் ஒரு ஒப்பந்தம் போட்டன, போர் விமானங்கள் அடுத்தவர் வானத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் பறக்கக் கூடாது என்று. சண்டைக்கார அண்டை வீட்டுக்காரர்கள்கூட இடைவெளி விட்டுத்தான் பறக்க ஒப்புக்கொண்டார்கள். இதைப் பற்றி எந்த பார்வர்டும் வராது.

அடுத்தது நோட்டாம், அதாவது வானத்தில் எங்கே, எப்போது பறக்கக் கூடாது என்பது போன்றவற்றை விமானிகளுக்குச் சொல்லும் அறிவிப்பு. சிவப்புக் கட்டம் போட்ட வரைபடம் வந்தால் போதும், நாளைக்குப் போர். தயவுசெய்து அதை வாசியுங்கள். எந்த இடம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி, எவ்வளவு உயரம். மூன்றும் அதிலேயே இருக்கும். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வானத்தை நம் விமானங்களுக்கு மூடியது, 30-ஆம் தேதி நாமும் மூடினோம். அப்புறம் மாதாமாதம் நீட்டித்தார்கள். நீட்டித்த ஒவ்வொரு மாதமும் எனக்குப் போன் வந்தது, "மறுபடி ஆரம்பிச்சிருச்சா சார்?" என்று. பழைய அறிவிப்பின் தேதிதான் மாறியிருக்கிறது ஐயா! 2023 ஏப்ரலில் தைவானுக்கு வடக்கே சீனா மூன்று நாள் வானத்தை மூடப்போகிறது என்று பெரிய பதற்றம் கிளம்பியது. கடைசியில் மூடியது 27 நிமிடம், ஒரு செயற்கைக்கோள் ராக்கெட்டின் பாகங்கள் விழும் என்பதற்காக.

சரி, என்ன செய்ய வேண்டும்? டிக்கெட் விஷயத்தில் விமான நிறுவனத்தின் செய்தியை மட்டும் நம்புங்கள். 2025 மே மாதம் வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களை 15-ஆம் தேதி வரை என்று மூடினார்கள், 12-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். முந்தைய ராத்திரி அவசரப்பட்டவர்களுக்குத்தான் நஷ்டம்.

நம் மலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானச் சத்தம் இங்கே கேட்பது புதிது இல்லை. வெலிங்டனில் ஹெலிகாப்டர் இறங்குவதும் புதிது இல்லை. அதை வீடியோ எடுத்து நேரமும் இடமும் போட்டுப் பரப்புவதை நிறுத்துங்கள். ராணுவ இடங்கள் இருக்கும் வெலிங்டன், அருவங்காடு பக்கம் டிரோன் விடாதீர்கள், சுற்றுலா வரும் உங்கள் சொந்தக்காரப் பையன்களிடமும் கண்டித்துச் சொல்லுங்கள். 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்தபோது, அந்த ஊர்க்காரர்கள் கம்பளியும் தண்ணீருமாக ஓடினார்கள். அதே நேரத்தில் போனில் இருந்தவர்கள் யார் சுட்டார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். விசாரணையில் தெரிந்தது, பள்ளத்தாக்கில் திடீரென்று மாறிய வானிலையில் மேகத்துக்குள் போய்விட்டார்கள் என்று. இந்த மலையில் மேகம் எப்படி ஏறும் என்று நமக்குத் தெரியாதா?

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், அவர்கள் பெயரை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். தைவானில் நமக்குத் தூதரகம் கிடையாது, இந்தியா-தைபே சங்கம்தான் அந்த வேலையைப் பார்க்கிறது. தங்கச்சியின் மகள் இரண்டு வருடமாக அங்கே இருக்கிறாள், இன்னும் பதியவில்லை. போன வாரம் அவளைப் பதிய வைத்த பிறகுதான் நான் போனை வைத்தேன்.