நாலு அங்குலத் துளை: மதிப்பீட்டு அறிக்கையில் எதைத் தேடிப் படிப்பது?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், பொது நிலத்தில் தங்கம் இருக்கிறதா என்று துளையிட்டுப் பார்க்கும் திட்டங்களின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கைகளில் முதலில் கண்ணில் படுவது ஏக்கர் கணக்கு. 'இவ்வளவு ஏக்கர் மட்டுமே கிளறப்படும்' என்ற வரியோடு பலர் அறிக்கையை மூடிவிடுகிறார்கள். துளையின் வேலை பூமிக்குள் நடக்கிறது. ஏக்கர் அதை அளக்காது.

ஆனால் சட்டம் ஏக்கரைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. நில மேலாண்மைப் பணியகம் என்ற மத்திய அரசு அமைப்பின் நிலங்களில் 5 ஏக்கரோ அதற்குக் குறைவாகவோ கிளறும் ஆய்வுக்குப் பொதுவாக ஓர் அறிவிப்புக் கொடுத்து, நிலத்தைப் பழைய நிலைக்கு மீட்கும் செலவுக்கு உத்தரவாதத் தொகை கட்டினால் போதும். தனி மதிப்பீடு கிடையாது. முழுத் திட்டம் தாக்கல் செய்வதைத் தவிர்க்க ஒரே வேலையைத் துண்டு துண்டாக அறிவிக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ஆகவே பக்கத்துப் பக்கத்து அறிவிப்புகளை ஒரே வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது காலக் கணக்கு. கலிபோர்னியாவின் இன்யோ தேசியக் காட்டில், லாங் வேலியில், 12 இடங்களில் துளையிடும் தங்க ஆய்வுக்கு வனத்துறை 2021இல் விரிவான மதிப்பீடு இல்லாமலே அனுமதி தந்தது. துளையிடும் வேலை ஓராண்டுக்குள் முடியும்; நிலத்தை மீட்டுக் கண்காணிக்கும் வேலையோ ஆண்டுக்கணக்கில் நீளும். முதலாவதை, விரிவான மதிப்பீடு தேவையில்லை என்று விதி ஒதுக்கிவைத்த ஒரு விலக்கு வகையிலும், இரண்டாவதை வேறொரு வகையிலும் அடக்கினார்கள். தனியாக நின்றால் திட்டம் முழுவதையும் தாங்காத இரண்டு விலக்குகளைச் சேர்த்துக்கட்ட முடியாது என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. சேஜ் குரௌஸ் பறவைகள் இளவேனிலில் கூடி ஆடும் பள்ளத்தாக்கு அது. 'குறுகிய கால வேலை' என்ற சொல்லைப் பார்த்தால், எது குறுகியது என்று கேளுங்கள்: துளைப்பா, புல் மீண்டு வருவதா?

இனி தண்ணீர். ஊற்றுகளின் நீர்வரத்தையும் தரத்தையும் துளைப்புக்கு முன்பே, நான்கு பருவங்களிலும் அளந்திருக்க வேண்டும். பனி உருகும் காலத்தில் ஒரே ஒரு முறை எடுத்த அளவு எதற்கும் உதவாது; கோடைக் கடைசியில் ஊற்று தானாக வற்றியதா, துளையால் வற்றியதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மேல்மட்ட நல்ல நீரையும் கீழ்மட்ட உப்பு நீரையும் பிரித்து நிற்கும் களிமண் அடுக்கைத் துளை ஊடுருவினால், அந்தத் துளையே இரண்டுக்கும் குழாயாகிவிடும்.

அதனால் அறிக்கையில் நான் மிகக் கவனமாகப் படிப்பது துளையை அடைக்கும் பகுதி. பெரும்பாலும் அது இரண்டே வரிதான் இருக்கும்! எச்.க்யூ. என்ற நிலையான அளவில் போடும் வைரமுனைத் துளையின் விட்டம் 96 மி.மீ. அப்படிப்பட்ட 300 மீட்டர் துளையின் கொள்ளளவு சுமார் 2.2 கன மீட்டர். நீரில் ஊறி உப்பும் பென்டோனைட் களிமண் சில்லின் 50 பவுண்டு மூட்டை ஏறத்தாழ 0.02 கன மீட்டர்தான் நிரப்பும். அப்படியானால் 110 மூட்டை வேண்டும். பதிவேட்டில் 40 என்றிருந்தால், நடுவில் எங்கோ வெற்றிடம் இருக்கிறது. சில்லுகளை அவசரமாகக் கொட்டினால் அவை பாதியிலேயே ஊறிப் பாலம் கட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் துளை நிரம்பியது போலவே தெரியும். மெதுவாகக் கொட்டி, இடையிடையே எடை கட்டிய நாடாவை இறக்கி ஆழம் பார்க்க வேண்டும். ஆழமான துளைக்குக் குழாயை அடிவரை இறக்கி, சிமென்ட் கலவையைக் கீழிருந்து மேலாக ஏற்றுவதே நல்லது. கணக்கைவிட அதிகக் கலவை குடித்தால் பாறையில் வெடிப்பு உண்டு, அதையும் பதியட்டும். அழுத்த நீர் பீறிடும் துளையில் சில்லுகள் தங்காமல் மேலே வந்துவிடும். அதற்கான ஏற்பாடு துளையிடும் இயந்திரமான ரிக் வருமுன் எழுத்தில் இருக்க வேண்டும்.

மேல்மட்ட வேலைகளில் பழைய பாதையைப் பயன்படுத்துவது, மேல்மண்ணைத் தனியே குவிப்பது, துளைப்புச் சேறு தேங்கும் குழியில் விழுந்த விலங்கு ஏறிவரச் சரிவு விடுவது எல்லாம் வழக்கமானவை. சக்கரத்தில் ஒட்டிவரும் களைவிதையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சீட் கிராஸ் என்ற அந்நியப் புல் சீக்கிரமே காய்ந்து தீக்குத் தீனியாகும். வண்டியைக் களத்துக்கு வருமுன் கழுவாவிட்டால், மீட்பு விதைப்பு அதனுடனேயே போட்டியிட வேண்டியிருக்கும்.

உத்தரவாதத் தொகையைத் திருப்பித் தருமுன், ஒவ்வொரு துளைக்கும் ஆழம், விட்டம், மூட்டைக் கணக்கு ஆகிய மூன்றையும் எழுதிய அடைப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள்.